பேருக்கொரு கூடை

கண்டியிலிருந்து புறப்படும் பேருந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நெடுமரங்களுக்கிடையே கலஹா வீதியைப் பற்றிக்கொண்டு, ஹிந்தகலையைக் கடந்து, தேயிலைச் சரிவுகளை வலமும் இடமுமாக மாற்றி மாற்றிக் காட்டியவாறே கலஹாவை அடைந்து, அங்கிருந்து இன்னும் வளைந்து வளைந்து ஏறி, ஒருவாறு இளைப்பாறி நிற்கும் இடத்திற்குத் தெல்தோட்டை என்று பெயர். அந்தச் சிறிய கடைத்தெருவில், பிரதி எடுப்பதும் படம் பிடிப்பதும் தொலைபேசிக்குக் காசு போடுவதுமாகிய சில்லறைக் காரியங்களுக்காக ஜனங்கள் ‘கம்யூனிகேஷன்’ என்று அழைக்கும் கடையொன்றை நடத்திக்கொண்டும், மாலை வேளைகளில் அதன் பின்கட்டில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்ற பாடத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் ஜீவனம் செய்து வருகிறேன். சாதாரண தரத்தில் பாஸ்கல், உயர்தரத்தில் பைதன் என்று பாடத்திட்டம் வகுத்தவர்கள் வகுத்துவிட்டபடியால், நானும் அந்த இரண்டு பாஷைகளையும் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதைவிட, மாணவர்களுக்கு ஒரு பாடம் முன்னதாக ஓடிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதே உண்மைக்குச் சமீபமாயிருக்கும்.

பைதனில் வரும் பட்டியலுக்குள் பட்டியல் என்ற சங்கதியை நான் புத்தகத்திலே படித்ததற்கும் அதன் ஸ்வரூபத்தை உணர்ந்ததற்கும் இடையே பல வருஷங்கள் கழிந்தன. பரீட்சை வினாத்தாளில் அது மூன்று மதிப்பெண் விஷயம். சதுர அடைப்புகளாகிய பகரக் குறிகளைக் குறிக்குள் குறியாக எழுதி, இரண்டாவது வரிசையின் மூன்றாவது உறுப்பு எது என்று கேட்பார்கள். விரலால் எண்ணிச் சொல்லிவிடலாம். எழுதி முடிந்த பட்டியலைப் படிப்பது சுலபம். ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, அவர் எப்போது ஒரு கணக்கை முடித்து மற்றொன்றைத் தொடங்குகிறார் என்பதை யந்திரத்துக்கு உணர்த்தி, அந்தப் பட்டியலைக் கையோடு கட்டிக்கொண்டே போவதுதான் தொழிலில் வரும் சிரமம்.

யோசித்துப் பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்றாய் அடங்கும் இந்த அமைப்பில் தோட்டத்து ஜனங்களாகிய எங்களைப் போலப் பழகியவர்கள் வேறெவரும் இருக்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது. தெல்தோட்டைக்கு அண்டையிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1867-ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டு வருஷத்துக்குள் கோப்பிச் செடிகளிலே இலைநோய் கண்டு, அந்தப் பயிர் நாளடைவில் நசித்துப்போக, மலைகளெல்லாம் தேயிலையாயின. அந்நாளிலிருந்து இன்றுவரை தோட்டத்து வாழ்க்கை ஒன்றுக்குள் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது: தோட்டத்துக்குள் டிவிசன், டிவிசனுக்குள் லயம் என்னும் வீட்டு வரிசை, லயத்துக்குள் காம்பரா என்னும் அறை. வேலையை எடுத்துக்கொண்டாலும் அவ்விதமே: காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் நிற்கும் கூட்டம் கேங்குகளாகப் பிரியும், கேங்குக்குள் ஆட்கள், ஒவ்வோர் ஆளுக்கும் காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து என்று மூன்று நிறுவைகள். இவை யாவும் செக்ரோல் என்னும் பெரும்புத்தகத்திலே நாளுக்கு நாள் ஏறும். ‘பேர்’ என்ற சொல்லுக்கு இங்கே ஒரு விசேஷ அர்த்தமும் உண்டு. நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ என்றோ, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் வேறொரு கணக்கென்றோ வைத்து, அதை எட்டியவருக்கு முழுப்பேரும் எட்டாதவருக்கு அரைப்பேரும் போடுவார்கள். என் தாயார் மாலையில் வீடு திரும்பியதும் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி, “இன்னைக்கிப் பேரு விழுந்துச்சா?” என்பதே. மனிதரின் பெயரும் அவரது நாட்கூலியும் ஒரே சொல்லாய்விட்ட ஊர் வேறெங்காவது உண்டோ என்று நான் சிலவேளை வியப்பதுண்டு.

2021-ஆம் ஆண்டில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வெளியானபின், மலைகளிலே கிலோக் கணக்கைப் பற்றிய பேச்சு முன்னெப்போதையும்விட உஷ்ணமாயிற்று. சுற்றுவட்டாரத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர், தாங்கள் நிறுத்ததைத் தாங்களே சிறு கொப்பிகளில் குறித்துவைத்து, மாதமுடிவில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரே கேங்கைச் சேர்ந்த இருபத்து மூன்று பேர். ஒரு மாதக் கணக்கைக் கூட்டிக் கழிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை அஸ்தமித்துவிடுகிறது என்றும், கம்பியூட்டரில் போட்டுத் தரமுடியுமா என்றும் கேட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். அவர்களோடு கூட, முப்பது வருஷம் மலையிலே கணக்கெழுதி ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரும் வந்தார். எண்களை அவர் வாசிக்க, நான் தட்டச்சுச் செய்வது என்பது ஏற்பாடு.

முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்கு மானக்கேடாய் முடிந்தது. நான் பைதன் படித்த புத்தகம் பழைய இரண்டாம் பதிப்புப் பாஷைக்காக எழுதப்பட்டது. அதில் பயனரிடம் கேட்பதற்கு ‘ரா இன்புட்’ என்ற கட்டளை இருந்தது. 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலோ அந்தப் பெயரே எடுபட்டுவிட்டது. ‘இன்புட்’ என்பதுதான் அதன் ஸ்தானத்தை வகிக்கிறது. கட்டளையைத் திருத்தி ஓடவிட்டேன். கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒன்பது, பதினொன்று, ஏழு என்று வாசித்தார். மொத்தம் 9117 கிலோ என்று திரையில் விழுந்தது. இன்புட் எதை வாங்கினாலும் அதை எழுத்துகளின் சரமாகவே வாங்கும் என்பதையும், சரங்களைக் கூட்டச் சொன்னால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவைக்கும் என்பதையும் மாணவர்களுக்குப் பலமுறை உபதேசித்திருக்கிறேன். உபதேசம் செய்பவனுக்கு அது ஞாபகத்திலிருக்க வேண்டும் என்ற நியதி இல்லை போலும். “ஒத்த ஆளு ஒரு நாள்ல ஒம்பது டன்னு பறிச்சா, தொரை லொறியில்ல அனுப்பணும்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கடை முழுதும் சிரித்தது.

அதைத் திருத்துவது ஒரு சொல் வேலை, திருத்தினேன். அடுத்தபடியாக வந்த பிழைதான் என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது. எத்தனை பேர் என்று முதலிலே கேட்டுவிட்டு, அத்தனை முறை சுழலும் ஒரு வெளிவளையத்தையும், ஒவ்வொருவருக்கும் மூன்று நிறுவைகளைக் கேட்கும் ஓர் உள்வளையத்தையும் அமைத்திருந்தேன். உள்வளையத்தில் கேட்டு வாங்கும் எண்கள் ‘வரிசை’ என்று நான் பெயரிட்ட சிறு பட்டியலில் சேரும். மூன்றும் சேர்ந்ததும் அந்த வரிசையைக் ‘கேங்’ என்ற பெரும் பட்டியலில் சேர்த்துவிடுவேன்; அடுத்தவரின் சுற்றைத் தொடங்கும்போது முதற்காரியமாக வரிசையைத் துடைத்துக் காலியாக்குவேன். சிக்கனமான ஏற்பாடு என்று எனக்குள்ளே பெருமிதம். ஒரே வரிசை, துடைத்துத் துடைத்து உபயோகிக்கலாம், வீணில்லை.

இருபத்து மூன்று பேரின் எண்களையும் கணக்கப்பிள்ளை தொண்டை வறள வாசித்து முடித்தபின், அச்சிட்டுப் பார்த்தால், இருபத்து மூன்று பேருக்கும் ஆறு, எட்டு, ஐந்து, ஆளுக்குப் பத்தொன்பது கிலோ, கேங்குக்கு 437. பதினெட்டை எல்லாரும் தாண்டிவிட்டபடியால், எல்லாருக்கும் முழுப்பேர். பெண்களுக்குச் சந்தோஷம்தான். கணக்கப்பிள்ளை மட்டும் தாளைக் கையிலே எடுத்து மேலும் கீழும் பார்த்தார். ஆறு, எட்டு, ஐந்து என்பது கடைசியாக வாசித்த பெண்ணின் கணக்கு என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். பிறகு, கோபமே இல்லாத குரலில், “என்னா தம்பி இது, எல்லாருக்கும் ஒரே கூடையக் குடுத்து மலைக்கு அனுப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார்; ஆனால் பிழை அவ்வளவேதான். பைதனில் ஒரு பட்டியலுக்கு நாம் இடும் பெயர், அந்தப் பட்டியலாகிவிடுவதில்லை. கூடையின்மேல் கட்டிய சீட்டைப் போன்றது அது. வரிசையைக் கேங்கில் சேர்க்கும்போது, அதிலுள்ள எண்களின் பிரதி அங்கே போவதில்லை. அந்தக் கூடையையே சுட்டும் இன்னொரு சீட்டுத்தான் போகிறது. அப்படி இருபத்து மூன்று சீட்டுகளும் ஒரே கூடையைச் சுட்டினால், அதைக் கவிழ்த்துக் காலி செய்து கடைசி ஆளின் கொழுந்தை நிரப்பியபின் எந்தச் சீட்டைப் பிடித்து இழுத்தாலும் அந்தக் கடைசிக் கொழுந்துதான் வரும். [[0, 0, 0]] என்பதை 23-ஆல் பெருக்கினால் இருபத்து மூன்று வரிசைகள் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் இதே கதிதான் நேரும். பெருக்குவது சீட்டுகளையே அன்றிக் கூடைகளை அல்ல. பரிகாரம் மிகச் சொற்பம்: வரிசையைத் தொடங்கும் வெற்றுப் பகரக் குறியை வெளிவளையத்துக்கு வெளியிலிருந்து எடுத்து, அதற்குள்ளே, ஒவ்வொரு சுற்றின் தலைப்பிலும் வைத்துவிட வேண்டும், அப்போது ஆள் மாறும்போதெல்லாம் புதுக்கூடை பிறக்கும். நாலு இடம் வலப்புறம் தள்ளிய ஒரு வரி. இரண்டு வாரமாக நான் தேடியது அவ்வளவுதான். இன்றைக்கும் வகுப்பிலே இந்த இடம் வரும்போது, ஞாபகத்தில் நிற்கும் முகவரி, சுட்டு என்றெல்லாம் பேசுவதை விட்டுவிட்டுக் கணக்கப்பிள்ளை ஐயாவின் வார்த்தையையே சொல்கிறேன். லயத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அதற்குமேல் வியாக்கியானம் தேவைப்படுவதில்லை.

மூன்று நிறுவை என்று நான் நிச்சயித்ததும் அவிவேகம் என்பது அடுத்த மாதம் தெரிந்தது. காய்ச்சல் என்று பகலோடு திரும்பியவருக்கு ஒரே நிறுவை. மழை கொட்டிய நாளில் இரண்டு. யந்திரமோ மூன்றாவது எண்ணைக் கேட்டுக்கொண்டே நிற்கும். சரி, பூச்சியம் போடுவோம் என்றேன். கணக்கப்பிள்ளை சம்மதிக்கவில்லை. மலைக்குப் போய்ப் பறிக்காமல் வந்தால்தான் பூச்சியம், போகாமலே இருந்தால் அது வேறு கணக்கு, இரண்டையும் ஒன்றாய் எழுதினால் பேர் போடுகிறவன் எப்படிப் போடுவான் என்று அவர் வாதித்தார். முப்பது வருஷம் ஒரு புத்தகத்தைப் பராமரித்தவரின் வாதத்துக்கு என்னிடம் பதிலிருக்கவில்லை. உள்வரிசைகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம், பாஸ்கலின் அணிகளைப் படித்த பழக்கத்தால் எனக்கு ஏற்பட்டது. பைதனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. [[9, 11, 7], [8, 10], [6]] என்பது அதற்குச் சம்மதமே.

ஆகவே எண்ணிக்கை கேட்பதையே விட்டுவிட்டேன். ஓர் ஆளின் எண்களை இடைவெளி விட்டு ஒரே வரியில் அடித்து என்ட்டரைத் தட்டுவது. ஸ்ப்ளிட் என்னும் கட்டளை அந்த வரியை இடைவெளிகளில் அறுத்துத் துண்டுகளாக்கித் தரும். ஒவ்வொரு துண்டையும் எண்ணாக மாற்றினால் அதுவே உள்வரிசை. ஸ்ப்ளிட் ஒவ்வொரு தடவையும் புத்தம்புதிய பட்டியலைத் தருவதால், பழைய கூடைப் பிழைக்கு இங்கே இடமே இல்லை. ஒன்றும் அடிக்காமல் என்ட்டரைத் தட்டினால் கேங் முடிந்தது என்று பொருள். கணக்கப்பிள்ளையின் வாசிப்புக்கும் இது இசைவாயிருந்தது. ஓர் ஆளின் எண்களை ஒரே மூச்சில் சொல்லி, மூச்சு வாங்கி, அடுத்தவருக்குப் போவார். அந்த மூச்சு வாங்கலே என் என்ட்டர் சாவியாயிற்று.

இந்தக் காலத்திலே என் மாணவன் ஒருவன், பகரக் குறிகளோடு முழுப் பட்டியலையும் அப்படியே அடித்து, இவால் என்னும் கட்டளையிடம் கொடுத்துவிட்டால் வளையமே வேண்டாமே என்றான். செய்யலாம், ஆனால் இவால் தன்னிடம் வருவது பட்டியலா கட்டளையா என்று பார்ப்பதில்லை, எது வந்தாலும் நிறைவேற்றிவிடும், கடைக்கு வருகிறவர் யாராவது விளையாட்டாக ஒரு கட்டளையை அடித்து வைத்தால் என் கோப்புகள் போய்விடும். பைதனின் இரண்டாம் பதிப்பில் இன்புட் என்பதே இந்த இவால் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது என்றும், அந்த அபாயத்தைத் தவிர்க்கவே ரா இன்புட் தனியாக இருந்தது என்றும் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பட்டியல், எண், சரம் போன்றவற்றை மட்டும் ஏற்று மற்றதை மறுக்கும் ‘லிட்டரல் இவால்’ என்ற சாதுவான கட்டளையும் உண்டு. அதை அவனுக்குக் காட்டினேன். ஆனால் எழுபது வயதுக் கணக்கப்பிள்ளை வாசிக்க வாசிக்க, எந்தக் குறி திறந்தது எந்தக் குறி மூடவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

வெற்று வரிதான் முடிவு என்று வைத்தபின் வேறொரு சங்கடம் பிறந்தது. வேலைக்கு வராதவருக்கு என்ன அடிப்பது? ஒன்றும் அடிக்காமல் தட்டினால் கணக்கே முடிந்துவிடும். அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போனால், பதினெட்டாம் நம்பரின் கொழுந்து பதினேழாம் நம்பருக்கு ஏறிவிடும். முதல் ஆளைப் பூச்சியத்திலிருந்து எண்ணும் பாஷை இது. ஆகவே பதினேழாம் நம்பர் பெண்மணி பட்டியலில் பதினாறாம் ஸ்தானத்தில் இருப்பார் என்று நான் முன்பே சொல்லி, பூச்சியமாவது ஆள் என்று கேங்கில் எவருமில்லையே என்று கணக்கப்பிள்ளையின் ஆட்சேபத்துக்கு உள்ளாகியிருந்தேன். வரிசையின் ஸ்தானத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது தவறு என்பது இப்போது உறுதியாயிற்று. செக்ரோல் நம்பரையே உள்வரிசையின் முதல் உறுப்பாக வைத்தேன்: [17, 9, 11, 7]. வராதவருக்கு நம்பர் மட்டும்: [18]. நாட்கள் சேரச் சேர, கேங்கின் பட்டியல்களைத் திகதியோடு இன்னொரு பெரும்பட்டியலுக்குள் அடுக்கினேன், மூன்றாவது அடுக்கு. பிற்காலத்தில் அதை அகராதி வடிவமாக மாற்றினேனாயினும், அது வேறு கதை.

நம்பருக்குப் பக்கத்தில் பெயரையும் தமிழில் அச்சிட்டுத் தரவேண்டும் என்று கேட்டார்கள், நியாயமான வேண்டுகோள். பெயர்களைப் போட்டதும் நிரல்கள் கோணல்மாணலாயின. ‘கொழுந்து’ என்பது நம் கணக்குக்கு நாலெழுத்து. பைதன் அதை எட்டு என்று எண்ணும், உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாய்ப் பாவிப்பதால். பெயரை வரியின் கடைசிக்குத் தள்ளி அதைத் தப்பித்துக்கொண்டேன். கோழைத்தனமான தீர்வுதான், ஆனால் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

அதற்குள் 2022 வந்துவிட்டது. அந்த மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரத்தை நிறுத்தினார்கள். என்னுடைய யு.பி.எஸ். எப்போதோ உயிரை விட்டிருந்தது. எவ்வளவு அழகாகக் கட்டிய பட்டியலாயினும், அது யந்திரத்தின் தற்காலிக ஞாபகத்தில் மட்டும் வாழ்வது. விளக்கு அணைந்ததும் மூன்று அடுக்கும் சேர்ந்தே மறைந்துவிடும். கேங் முழுவதையும் வாசித்து முடிக்கும் தறுவாயில் இரண்டு முறை அப்படி நேர்ந்தபின், கணக்கப்பிள்ளை தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிரவே செய்நிரலை மாற்றினேன்: முழுப் பட்டியலும் முடியும்வரை காத்திராமல், ஓர் உள்வரிசை முடிந்து என்ட்டர் தட்டியவுடனே அந்த வரியைக் கோப்பிலே எழுதிவிட வேண்டும்; மறுபடி மின்சாரம் வந்ததும் கோப்பைப் படித்துப் பட்டியலைத் திரும்பக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கணக்கப்பிள்ளையை வீட்டுக்கே போய் அழைத்து வந்தேன்.

அடுத்த மாதச் சம்பளம் வந்த பிறகு, பதினேழாம் நம்பர் பெண்மணி துண்டையும் என் தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். இருபத்தொரு கிலோ குறைகிறது. தோட்டத்துக் கணக்கில் பிழை. எனக்கு உள்ளூர ஓர் உற்சாகம் எழுந்ததை மறைப்பானேன். இதற்காகத்தானே இவ்வளவு பிரயாசையும்! சங்கத் தலைவரிடம் சொல்லலாம், தோட்டத்து ஒப்பீஸிலே கேட்கலாம் என்று மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள். கணக்கப்பிள்ளை ஒன்றும் பேசாமல் தாளை ஜன்னலோரம் எடுத்துப்போய், விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரே திகதி. ஏழு, ஒன்பது, ஐந்து. அதற்கு நேர் கீழே, அதே திகதி. ஏழு, ஒன்பது, ஐந்து.

கோப்பில் எழுதத் தொடங்கியபின் மின்சாரம் நின்ற ஒரு மாலை, நான் என்ட்டரைத் தட்டியதும் வரி கோப்பில் ஏறிவிட்டது. திரையில் அதைக் காணுமுன்னே விளக்கு அணைந்துவிட்டது. மீண்டும் வந்தபோது, பதியவில்லை என்று எண்ணி அதே வரியை மறுபடியும் அடித்திருக்கிறேன். “தோட்டத்துக் கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி, ஒங்க கணக்குத்தான் ரெண்டு வாட்டி பறிச்சிருக்கு” என்றார் கணக்கப்பிள்ளை. அந்தப் பெண்மணி என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு வரிகளுள் ஒன்றை அவர் முன்னிலையிலேயே அழித்துவிட்டு, வேறொரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். பணம் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், தாளுக்கு இருபது ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.